அவளுக்கு மட்டும் தெரியாது

பந்து தன்னை நோக்கி வரும்போது சங்கவியின் நெஞ்சு படபடக்காது. அவள் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. அவள் நெஞ்சில் கட்டியிருந்த பட்டையிலிருந்து திரைக்கு வந்த கோட்டை நாலு வாரம் உட்கார்ந்து பார்த்தவள் நான். என் பெயர் நிலோஃபர். ‘நெஞ்சே களம்’ நிகழ்ச்சியின் கருவிகள் எல்லாம் அப்போது என் பொறுப்பில் இருந்தன.

‘சென்னை அலைகள்’ பெண்கள் கால்பந்து அணியை ஒரு தொலைக்காட்சி நிறுவனம் வாங்கிய வருடம் அது. அதுவரை அணிக்கு ஆள் எடுப்பது பயிற்சியாளரின் வேலை. மாவட்டப் போட்டிகளுக்குப் போவார், வெயிலில் நின்று பார்ப்பார், நல்ல ஆட்டக்காரியைக் கண்டால் கூப்பிடுவார். அதை யாரும் உட்கார்ந்து ரசிக்க முடியாது என்பது நிறுவனத்தின் குறை. தேர்வையே நிகழ்ச்சியாக்கிவிட்டால் அணிக்கு ஆட்டக்காரியும் கிடைப்பாள், அவளுக்கு ரசிகர்களும் கூடவே கிடைப்பார்கள் என்றார் தயாரிப்பாளர் ஹர்ஷவர்தன். ஹர்ஷா என்று கூப்பிடுவோம். முப்பத்திரண்டு வயதுக்காரர். யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. எவ்வளவு மோசமான விஷயத்தையும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதுபோலச் சொல்லக்கூடியவர்.

சங்கவி காசிமேட்டுக்காரி. இருபத்துநாலு வயது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் லாரி ஓட்டிக்கொண்டே துறைமுக அணிக்கு எட்டு வருடமாக கோல்கீப்பராக ஆடினாள். முதல் நாள் அவளுக்குப் பட்டை கட்டிவிட்டபோது குனிந்து பார்த்துக் கேட்டாள்.

“இன்னாக்கா இது, பெல்ட்டா?”

“உன் நெஞ்சுத் துடிப்பு, மூச்சு, வியர்வை எல்லாத்தையும் இது எடுத்துக்கும். வீட்ல பார்க்கிறவங்க கையில ஒரு வளை போட்டிருப்பாங்க. நீ பயந்தா அவங்களுக்கு வயித்தைப் பிசையும். நீ சந்தோஷப்பட்டா அவங்களுக்குச் சிலிர்க்கும்.”

“அப்புறம் எனக்கு ஓட்டு போடுவாங்களா?”

“போட வேண்டாம். அவங்க உடம்பே போட்டுடும். யாரைப் பார்த்து உடம்பு அதிகமா அதிருதோ அவங்களுக்குத்தான் மார்க்கு.”

அவள் கையுறையை மாட்டியபடி யோசித்தாள். “பந்தைப் புடிச்சா?”

“அதுக்கு ஞானம் சார் கையில பத்து மார்க் இருக்கு.”

“எத்தினிக்கு?”

“நூத்துக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஞானம் சார் என்று நாங்கள் கூப்பிட்டது பயிற்சியாளர் ஞானப்பிரகாசத்தை. பதினொரு வருடம் நாட்டுக்காக ஆடியவர். இப்போது அவருக்கு ஒரு சிவப்பு நாற்காலியும் பத்து மதிப்பெண்ணும் கொடுத்து நடுவர் என்று உட்காரவைத்திருந்தார்கள்.

முதல் மூன்று வாரத்தில் சங்கவி இருபத்தாறு பெனால்டிகளை எதிர்கொண்டாள். பதினான்கைத் தடுத்தாள். முப்பது வருடத்தில் இப்படி ஒரு கோல்கீப்பரைப் பார்த்ததில்லை என்று ஞானம் சார் கேமராவுக்கு முன்னாலேயே சொன்னார். ஆனால் மற்ற பெண்களின் கோடுகள் மலையாக ஏறி இறங்கிய இடத்தில் அவளுடைய கோடு தரையோடு தரையாக ஓடியது. பட்டை பழுதாகிவிட்டதோ என்று இரண்டு முறை மாற்றிக்கூடப் பார்த்தேன். பட்டையில் ஒரு கோளாறும் இல்லை. எப்படி இவ்வளவு அமைதியாக நிற்கிறாய் என்று ஒருநாள் அவளிடமே கேட்டேன்.

“பயந்தா பந்து சின்னதா தெரியும்க்கா. சும்மா நின்னா பெர்சா தெரியும்,” என்றாள்.

இருபது லட்சம் பேர் வளை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாம் வாரக் கடைசியில் அவள் வெளியேற வேண்டியது. ஒரே ஒரு ஆட்டக்காரியைக் காப்பாற்றும் உரிமை ஞானம் சாருக்கு இருந்தது. அதை அவளுக்காகச் செலவழித்தார்.

மறுநாள் ஹர்ஷா என் மேசைக்கு வந்தார். இந்தப் பெண்ணுக்கு எதுவுமே ஆகாதா, ஒருமுறைகூடவா கோடு ஏறவில்லை என்று கேட்டார். நான் பழைய பதிவுகளைத் தேடி எடுத்தேன். ஒரே ஒரு இடத்தில் ஏறியிருந்தது. தேர்வுக்கு முந்தைய பேட்டியில், வீட்டில் யார் யார் என்று கேட்டபோது, அண்ணன் லோகேஷ் விசைப்படகில் கடலுக்குப் போகிறான் என்று சொன்ன இடம். அவளுடைய அப்பா அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது கடலுக்குப் போய்த் திரும்பாதவர். உடலும் கிடைக்கவில்லை. அப்பாவைப் பற்றிச் சொன்னபோது கோடு அசையவில்லை. அண்ணன் பெயர் வந்ததும் செங்குத்தாக ஏறியது.

அந்த இடத்தை வட்டமிட்டு அவருக்கு அனுப்பினேன். கேட்டதைக் கொடுப்பது என் வேலை என்று நினைத்தேன். இன்றுவரை என்னால் விழுங்க முடியாதது அந்த வட்டம்தான்.

நாலாம் வாரம் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானது. லோகேஷ் போன படகு உட்பட மூன்று படகுகள் தொடர்பில் இல்லை. இது உண்மைச் செய்தி, யாரும் உண்டாக்கியதில்லை. ஆனால் போட்டியாளர்களிடம் செல்போன் கிடையாது. அவர்களுக்கு எது தெரிய வேண்டும், எப்போது தெரிய வேண்டும் என்பது ஹர்ஷாவின் கையில் இருந்தது. புதன்கிழமை வந்த செய்தியை வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குக் கால்மணி நேரம் முன்னால் சொன்னார்கள். அன்று அவளுடைய கோடு முதல்முறையாக மேலே போய் அங்கேயே நின்றது. அரங்கில் கைதட்டினார்கள். வளைகள் அதிர்ந்தன. ஒரே நாளில் கடைசி இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு வந்தாள்.

வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்டாள். தாராளமாகப் போகலாம், போனால் போட்டியிலிருந்து விலகியதாகக் கணக்கு என்றார்கள். கையெழுத்துப் போட்ட தாளில் அப்படித்தான் இருந்தது. ஞானம் சார் அவளைத் தனியாக அழைத்து, போய்விடும்மா, ஆட்டம் எங்கேயும் ஓடிப்போகாது என்றார்.

“அவன் திரும்பி வந்து, ஏன் பாதில வந்துட்டன்னு கேட்டா இன்னா சார் சொல்றது? இங்க என்னிய சேர்த்துவுட்டதே அவன்தான்,” என்றாள்.

இருந்துவிட்டாள்.

இறுதிச் சுற்று அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு. மிஞ்சியது இரண்டு கோல்கீப்பர்கள். சங்கவியும், குமரிக் கடற்கரையிலிருந்து வந்த ஹென்சியும். ஆளுக்கு ஐந்து பெனால்டி. ஜெயிப்பவளுக்கு மூன்று வருட ஒப்பந்தம். அன்று காலையிலேயே பணியாளர்கள் எல்லோருடைய செல்போனையும் ஒரு பெட்டியில் வாங்கிப் பூட்டினார்கள். முடிவு வெளியே கசியாமல் இருக்கத்தான் என்றார்கள். நானும் கொடுத்தேன்.

நாலேகாலுக்கு ஹர்ஷா சங்கவியின் அறைக்குப் போனார். உள்ளே கேமரா இருந்தது. நான் திரையில் பார்த்தேன். அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பழவேற்காட்டுப் பக்கம் படகின் பலகைகள் ஒதுங்கியிருக்கின்றன, படகு எண் பொருந்துகிறது என்றார்.

“ஆளுங்க?” என்று கேட்டாள்.

“தேடிட்டு இருக்காங்க. நீ ஸ்ட்ராங்கா இருக்கணும்.”

அவள் அழவில்லை. வலது கையுறையை இடது கையில் மாட்டினாள். அது நுழையவில்லை. திரும்பத் திரும்ப அதையே செய்தாள். உடை எடுத்துக் கொடுக்கும் பெண் வந்துதான் சரியாக மாட்டிவிட்டாள். என் திரையில் இருந்த கோட்டைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அளவுகோலின் உச்சிக்கு மேலே போய்விட்டது, அவ்வளவுதான். அளவுகோலைக் கூட்டச் சொல்லி ஆணை வந்தது. கூட்டினேன்.

அன்றைய கூட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. மூவாயிரம் பேர் உட்கார்ந்திருந்த அரங்கில் சத்தமே இல்லை. அவள் கோலை நோக்கி நடந்தபோது எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்தி அவர்களுக்கும் எட்டிவிட்டது போலும், துக்கத்துக்கு மரியாதை தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து பந்து. ஐந்தும் உள்ளே போயின. மூன்றாவது பந்து நேராக அவள் கைக்கு வந்தது; அதையும் விட்டாள். கடைசிப் பந்துக்கு அவள் அசையவே இல்லை. ஹென்சி தன் முறையில் இரண்டைத் தடுத்தாள். ஆட்டமாக இருந்திருந்தால் அங்கேயே முடிவு தெரிந்திருக்கும்.

பலகையில் மதிப்பெண் ஏறியது. சங்கவி எண்பத்தெட்டு. ஹென்சி ஐம்பத்தெட்டு.

ஐந்தும் விட்டவளுக்கு அணியில் இடம் கிடைத்தது. தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஹென்சிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பலகையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். ஞானம் சார் சிவப்பு நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டார். பிறகு அவர் அந்த வளாகத்துக்குள் கால் வைக்கவில்லை.

அப்போது அரங்கின் மறுகோடியில் கதவு திறந்தது. வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டின. அவற்றின் நடுவே, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு பூங்கொத்தோடு லோகேஷ் வந்தான்.

இப்போதுதான் கூட்டம் சத்தம் போட்டது. எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. சங்கவி ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பாள் என்று மூன்று கேமராக்கள் தயாராக இருந்தன. அவள் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, அவன் கிட்டே வரும்வரை பார்த்தாள். வந்ததும் அவன் முகத்தைத் தொட்டாள். கன்னம், காது, கழுத்து என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“எப்போ வந்த?”

“நேத்தே கரைக்கு வந்துட்டோம்டி. ஆந்திரா பக்கம் ஒதுங்கிட்டோம். காலைல அம்மாகிட்ட பேசுனேன். இந்த டிவிக்காரங்க, ஒன்கிட்ட சொல்லிட்டோம், மேட்ச் முடிஞ்சதும் மேடைக்குக் கூப்புடுவோம்னு இங்க இட்டாந்து ஒக்கார வெச்சாங்க. ரூம்ல டிவி கூட இல்ல. ஏன், ஒனக்குச் சொல்லலியா?”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவன் தலை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவனுக்குப் புரிந்தது. பூங்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, அவள் சட்டைக்குள் கைவிட்டுப் பட்டையைப் பிய்த்து எறிந்தான். என் திரையில் கோடு நின்றது. லட்சக்கணக்கான கைகளில் வளை ஒரே நேரத்தில் அணைந்தது. நேரலை அத்தோடு விளம்பரத்துக்குப் போனது.

அவர்களுடைய அம்மா கஸ்தூரி அரங்கின் வெளிவாசலில் இருந்தார். எனக்கு இது பிறகுதான் தெரிந்தது. மகன் பிழைத்த செய்தியை மகளிடம் சொல்லிவிட்டோம் என்று, வீட்டில் படம் எடுத்துக்கொண்டிருந்த நிகழ்ச்சிக்காரர் அவரிடம் சத்தியம் செய்திருக்கிறார். ஆட்ட நேரம் வரை டிவி போட விடவில்லையாம். போட்டதும், அதில் மகள் கையுறையை மாற்றி மாற்றி மாட்டுவதைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆட்டோ பிடித்து ஓடி வந்திருக்கிறார். வாசலில் காவலாளிகள் விடவில்லை. என் பிள்ளை உயிரோடு இருக்கிறான், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். தெரியும்மா, ஆட்டம் முடியட்டும் என்றார்களாம்.

அந்தக் காவலாளிக்குத் தெரியும் என்றால் வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று இதைக் கேட்டபோதும் எனக்கு உறைக்கவில்லை. பெட்டியிலிருந்து செல்போனைத் திரும்ப வாங்கியபோதுதான் தெரிந்தது. மதியம் ஒரு மணியிலிருந்தே தொலைக்காட்சியில் ஓடியிருக்கிறது. லோகேஷ் அம்மாவிடம் பேசியதை அப்படியே ஒளிபரப்பியிருக்கிறார்கள். கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: ‘அவளுக்கு மட்டும் தெரியாது!’ அரங்கில் இருந்த மூவாயிரம் பேரும் வாய் திறக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். வீட்டில் பார்த்த நாற்பது லட்சம் பேருக்கும் தெரியும். அண்ணன் பத்திரமாக இருக்கிறான் என்ற நிம்மதியோடு, தங்கையின் துக்கத்தைக் கையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடையநல்லூரிலிருந்து என் உம்மா அனுப்பிய செய்தியும் அதில் இருந்தது. “பாவமாத்தான் இருக்கு புள்ள. ஆனா பாதில எந்திரிச்சுப் போக மனசு வரல.”

என் உம்மா கெட்டவர் இல்லை. தெருவில் ஒரு பூனை அடிபட்டால் இரண்டு நாள் சோறு இறங்காது. அவரையே இப்படி உட்காரவைக்க முடிந்திருக்கிறது. கோபப்படுவதற்கு ஒரு ஹர்ஷா மட்டும் போதாது என்று அப்போதுதான் புரிந்தது.

சங்கவி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஞானம் சார் கால்பந்து லீக்கிடம் புகார் கொடுத்தார். நானும் வேலையை விட்டுவிட்டு, என்னிடமிருந்த பதிவுகளோடு சாட்சி சொல்லப் போனேன். நான் வட்டமிட்டு அனுப்பிய தாளையும் மறைக்காமல் கொடுத்தேன். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் மூன்று பேர் குழு விசாரித்தது.

நிறுவனத்தின் வக்கீல் அதிகம் பேசவில்லை. பார்வையாளர் யாரும் ஏமாற்றப்படவில்லை என்றார். உண்மை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லப்பட்டது, இதைவிட நேர்மையாக ஒரு நிகழ்ச்சியை எப்படி நடத்துவது என்று கேட்டார். போட்டியாளரோ ‘உணர்வைத் தூண்டும் சூழல்களுக்கு’ ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர். கோல்களை விட்ட பிறகும் அவருக்கு அணியில் இடம் கொடுத்தோம். அவர் இழந்தது என்ன என்றார்.

அவள் இழந்தது என்ன என்று ஞானம் சார் சொன்னார். அதற்குப் பிறகு துறைமுக அணியோடு அவள் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். பந்து வரும்போது கைகள் நடுங்குகின்றன. பக்கத்தில் யாராவது தன் பெயரைச் சொன்னால் கோலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். லோகேஷ் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். வெளியே போனால் மணிக்கொரு முறை அவளைக் கூப்பிட்டுப் பேசுகிறான். பேசாவிட்டால் அவளால் மூச்சுவிட முடிவதில்லை. நல்ல கோல்கீப்பர் வேண்டும் என்று ஆள் தேடியவர்கள், தேடிக் கண்டுபிடித்து, அவளுக்குள் இருந்த கோல்கீப்பரைக் கொன்றுவிட்டார்கள் என்றார். வக்கீல் அதை மறுக்கவில்லை. மருத்துவ ஆலோசனைக்கு நிறுவனம் ஏற்பாடு செய்யும் என்றார்.

கடைசியாக, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி சங்கவியைக் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். நரைத்த தலை, தணிந்த குரல். விசாரணை முழுக்க அவளை ‘அம்மா’ என்றே கூப்பிட்டார்.

அவள் எழுந்து நின்றாள்.

“ஒண்ணு கேக்கலாங்களா ஐயா? அன்னிக்கு நீங்க பார்த்தீங்களா?”

அவர் தயங்கினார். “பார்த்தேம்மா.”

“கையில வளை போட்டுனு இருந்தீங்களா?”

“பேத்தி வாங்கிக் கொடுத்தது. போட்டிருந்தேன்.”

“எங்கண்ணன் உசுரோட இருக்குறது அப்பவே தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும்மா.”

“தெரிஞ்சும் அழுகை வந்துச்சா?”

பக்கத்தில் இருந்த இரண்டு உறுப்பினர்களும் தாள்களைப் பார்த்தார்கள். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “வந்தது,” என்றார்.

“நல்லா இருந்துச்சா?”

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள். அந்த அறையில் இருந்தவர்களில் அதற்குப் பதில் தெரியாதவள் அவள் ஒருத்திதான். குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தவரின் விரல்கள் நின்றன. நீதிபதி அவளைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். கடைசிக் கேள்வியைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மதிய உணவுக்காக விசாரணையை ஒத்திவைத்தார்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. அறுபத்துநாலு பக்கம். பார்வையாளர்கள் ஏமாற்றப்படவில்லை. விதி மீறப்படவில்லை. இனி வரும் ஆண்டுகளில் போட்டியாளருக்குச் சொல்லப்படும் பொய்யை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் திருத்த வேண்டும் என்று பரிந்துரை செய்திருந்தார்கள். அடுத்த ஆண்டு நிகழ்ச்சிக்கு அறுநூறு பெண்களுக்குப் பதில் ஒன்பதாயிரம் பெண்கள் விண்ணப்பித்தார்கள். லீக்கில் வேறு இரண்டு அணிகளும் இனி இப்படித்தான் ஆள் எடுக்கப்போவதாக அறிவித்தன.

அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இரண்டு முறை படித்தேன். சங்கவி கேட்ட அந்தக் கடைசிக் கேள்வி அதில் எங்கேயும் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.